பதிவேட்டை எழுதிய கை: ஆவணக் காப்பகமும் சேலம் குறவர்களும்



குற்றம் பற்றிய பழைய ஆவணங்களைக் காட்சிக்கு வைத்தால் கூட்டம் தானாக வரும். கைரேகைத் தாள், கைவிலங்கு, சிறைப் பதிவேடு, தூக்குத் தண்டனை உத்தரவு ஆகியவற்றைப் பார்க்க யாருக்கும் ஆர்வம் இருக்கும். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த 1,97,000-க்கும் மேற்பட்ட விசாரணைகளை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அது காவல்துறை தன் கதையைத் தானே சொல்லும் இடம். அதே எழும்பூரில் 1909 முதல் நிற்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் நிலை வேறு. அங்கே இருப்பது எல்லோருடைய கதையும். ஆனால் அதில் பெரும்பகுதி ஒரு தரப்பின் கையால் எழுதப்பட்டது.

ஆவணக் காப்பகம் குற்றத்தைப் பற்றிக் கண்காட்சியும் பொது நிகழ்ச்சியும் நடத்தும்போது முதலில் யாரைக் காட்ட வேண்டும்? குற்றவாளி என்று எழுதப்பட்டவரையா, எழுதிய கையையா? இந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்ப்பதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம்.

பெயரே சாட்சி

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன. அதில் ஆத்தூர் கீழ்நாடு குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர் என்ற பெயர்களைக் காணலாம். ஒரே சமூகத்தை இப்படி ஊர்வாரியாகவும் நாடுவாரியாகவும் பிரித்துத் தனித்தனிச் சாதிகள்போலப் பட்டியலில் நிறுத்தியது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் அறிவிப்பு முறை. எந்தக் குழு எந்த வட்டாரத்தில் இருக்கிறது, எந்தக் காவல் நிலையம் கண்காணிக்க வேண்டும் என்ற தேவைக்கு ஏற்ப அமைந்த பெயர்கள் அவை. சட்டம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

‘உப்புக் குறவர்’ என்ற பெயரைச் சற்று நின்று பாருங்கள். கடற்கரை உப்பைப் பொதி மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்து, தானியத்துக்கு மாற்றிப் பிழைத்தவர்கள் அவர்கள். பெண்கள் கூடை முடைந்தார்கள், பச்சை குத்தினார்கள், குறி சொன்னார்கள். உப்பு கும்பெனியாரின் ஏகபோகமானது. 1860களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியபின் பொதி மாட்டு வணிகம் படுத்தது. 1876-78 பெரும் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1882 சென்னை வனச் சட்டம் மூங்கிலுக்கும் மேய்ச்சலுக்கும் தடை போட்டது. இப்படி ஒவ்வொரு பிழைப்பும் அடைபட்ட பிறகுதான் ‘இவர்களுக்குத் தொழில் இல்லை, திருட்டே தொழில்’ என்று எழுதினார்கள். குறவர்களின் தொழிலை அரசுக் கொள்கை எப்படி அழித்தது என்பதை ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக நிறுவியிருக்கிறார். அந்தச் சமூகம் உழைத்து வாழ்ந்தது என்பதற்கான சாட்சி, குற்றப் பட்டியலின் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கதையில் அருங்காட்சியகத்துக்கும் பங்கு உண்டு. 1892-இல் முல்லாலி என்ற காவல் அதிகாரி சென்னை மாகாணத்தின் ‘குற்ற வகுப்பினர்’ பற்றி ஒரு நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தம் நூலில், குறவர் போன்ற சமூகங்களைப் பற்றிக் காவல் அதிகாரிகள் எழுதிவைத்ததையே அவர் எடுத்தாண்டார். காவல் நிலையக் குறிப்பு இப்படி அறிவியல் நூலாயிற்று. அந்த நூலை ஆதாரமாகக் காட்டி எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

குற்றத்தை உண்டாக்கிய சட்டம்

1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1924-இல் மறுபடி தொகுக்கப்பட்டது. நம் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். அது வேலை செய்த விதத்தைப் புரிந்துகொள்ளாமல் அதன் ஆவணங்களைக் காட்சிக்கு வைக்க முடியாது.

ஒரு கூட்டம் குற்றத்தைப் பழக்கமாகக் கொண்டது என்று அரசு நம்பினால் போதும், அரசிதழில் அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டமே சொன்னது. அறிவித்தபின் பதிவேடு திறப்பார்கள், பெயரை எழுதிக் கைரேகை எடுப்பார்கள். பதிவானவர் குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ ஊர் அதிகாரியிடமோ ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தவறினால் சிறை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் அடைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. குடும்பம் குடும்பமாகக் குடியேற்றங்களில் அடைத்தார்கள். குறவரின் தெலுங்கு உறவினரான எருகுலருக்கு இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரமும், தென்னார்க்காட்டு அஜீஸ் நகரும் அத்தகைய இடங்கள்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. உறவினர் சாவுக்குச் சொல்லாமல் போய் வருவதே குற்றமானால், அதற்கும் தண்டனை கிடைக்கும். அந்தத் தண்டனை கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு அறிக்கையில் ‘இந்தச் சமூகத்தில் தண்டனை பெற்றோர் அதிகம்’ என்று அதே கணக்கு ஆதாரமாக நிற்கும். இந்தக் கணக்கை விளக்கமில்லாமல் ஒரு பலகையில் எழுதி மாட்டினால், பார்க்கிறவர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்?

ஒரே சேலம், இரண்டு நீதி

1882-இல் சேலத்தில் கலவரம் நடந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார். அவர் மேல்முறையீடு செய்தார், விடுதலை பெற்றார். 1920-இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய குற்ற ஆவணம் இன்று அவருடைய வீரத்துக்குச் சான்றாகப் பேசப்படுகிறது. அவர் போராடியதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சட்டம் படித்தவருக்கு மேல்முறையீடு என்ற கதவு திறந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறோம். அதே மாவட்டத்துக் குறவருக்குத் தம்மேல் விழுந்த அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் வாய்திறக்கவே வழியில்லை. ஒருவர்மேல் வந்த குற்றச்சாட்டு அவரோடு முடிந்தது. மற்றவர்மேல் வந்தது பேரன் வரைக்கும் போயிற்று.

இந்தச் சட்டத்துக்கு எதிரான நினைவிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அது நியாயமானது. ஆனால் எண்ணிக்கையும் நிலமும் தலைவர்களும் இல்லாத குறவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். அந்த 68 பெயர்களில் சில, ஊருக்குள் தலித்துகளை ஒடுக்கும் சாதிகளாகவும் இருக்கின்றன. ஒரே சட்டத்தால் ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. கண்காட்சி இதையும் சொல்ல வேண்டும்.

பதிவேடு சொல்லாத குற்றம்

குற்றம் பற்றிய ஆவணத்தில் அரசு செய்த குற்றம் எப்படி எழுதப்படுகிறது? 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. சேலத்தின் குற்ற வரலாற்றைச் சொல்லும் எந்தக் காட்சியிலும் இதற்கு இடம் இல்லையென்றால் அந்தக் காட்சி முழுமையானது அல்ல.

1993-இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. அவர் மனைவியும் வழக்கறிஞர் சந்துருவும் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், காவலில் அடித்தே கொன்றார்கள் என்பது வெளிப்பட்டது. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் பாதிக்கப்பட்டவர் இருளராகக் காட்டப்பட்டார். உண்மையில் அவர் குறவர். சட்டம் 1952-இல் விலக்கிய சந்தேகம், காவல் நிலையத்தில் 1993-லும் விலகியிருக்கவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில் 2015-இல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. சாட்சிகள் பிறழ்ந்த அந்த வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. தாயின் மனுவால் விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஒரு பதிவு அழியாமல் இருந்தால் யாருக்குப் பயன் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். ஆவணத்தை நாம் வெறுக்க முடியாது. அதை நம் கையிலும் எடுக்க வேண்டும்.

காட்சியை எப்படி அமைப்பது?

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 2018-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கானது அது. கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு இரும்புத் தூண் என 800-க்கும் மேல் தொங்குகின்றன. கொலை நடந்த இடங்களின் மண்ணை மக்களே எடுத்துவந்து சாடிகளில் வைத்திருக்கிறார்கள். அகமதாபாத்தின் சாராநகரில், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சாரா சமூக இளைஞர்கள் 1998 முதல் புதன் நாடகக் குழுவை நடத்துகிறார்கள். வங்கத்தில் காவலில் கொல்லப்பட்ட புதன் சபர் என்பவரின் பெயர் அது. இவற்றிலிருந்தும் நம் அனுபவத்திலிருந்தும் நான்கு நெறிகளைச் சொல்லலாம்.

முதலாவது, பதிவேட்டைக் காட்டும்போது அதில் உள்ள குடும்பப் பெயரையும் ரேகையையும் மறைக்க வேண்டும். கையெழுத்திட்ட அதிகாரியின் பதவியும் சட்டப் பிரிவும் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் பள்ளிக்குப் போகிறார்கள். தாத்தாவின் ரேகையை ஊரே பார்க்க மாட்டுவது இரண்டாம் முறை ரேகை எடுப்பதற்குச் சமம். வம்சத்தார் சம்மதித்தால் மட்டுமே காட்டலாம்.

இரண்டாவது, குற்றக் கணக்கின் பக்கத்தில் உப்பு வரி, ரயில், பஞ்சம், வனச் சட்டம் ஆகியவற்றின் கணக்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, காகிதத்தில் இல்லாத சாட்சியை நாம் சேர்க்க வேண்டும். முதியவர்களின் வாய்மொழி, கூடை, பொதிச் சாக்கு, பிழைப்பு தேடிப் போன வழித்தடம் எல்லாம் ஆவணம்தான்.

நான்காவது, காட்சியை அமைக்கும் குழுவில் அந்தச் சமூகத்தார் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். திறப்பு விழாவில் பறையடிக்கவும் கூத்தாடவும் மட்டும் அழைப்பது போதாது.

மாணவர்கள் இந்த வேலையை இப்போதே தொடங்கலாம். 1911 முதல் 1947 வரையிலான நீதித்துறை, உள்துறை அரசாணைகளையும் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழையும் தேடிப் படியுங்கள். லெஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேட்டையும் ரிச்சர்ட்ஸின் 1918 மாவட்ட விவரச்சுவடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த வாக்கியம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று குறியுங்கள்.

இதில் இன்றைய வாழ்வும் அடங்கியிருக்கிறது. பட்டியல் சாதிகளின் வரிசையில் ‘குறவன், சித்தனார்’ இருக்கிறது. சீர்மரபினர் பட்டியலில் அதே சமூகத்தின் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பெயரில் சான்றிதழ் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து இடஒதுக்கீடும் உதவித்தொகையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் மாறுகின்றன. 1979-இல் ‘பழங்குடி’ என்ற சொல்லை எடுத்து ‘சமூகம்’ என்று மாற்றிய ஆணையும், 2019-இல் மாநிலத்துக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று என இரட்டைப் பெயர் தந்த ஆணையும் இந்தக் குழப்பத்தின் தொடர்ச்சிதான்.

சென்னை மாகாணம் 1947-லும் ஒன்றிய அரசு 1952 ஆகஸ்ட் 31-லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கின. ஆனால் சென்னையில் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சிறை விதிகளில் சாதி வேறுபாடு செல்லாது, சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய பதிவேட்டில் அந்தப் பத்தி இருக்கக் கூடாது. பழைய பதிவேட்டில் இருந்தது என்பதை மறைக்கவும் கூடாது. பழைய ஏடுகளைக் கழிவுக் காகிதமாகப் போடாமல் பாதுகாக்க வேண்டும் என்று காப்பகத்திடமும் சிறைத்துறையிடமும் நாம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 31 வருகிறபோது சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒரு சிறு கண்காட்சியாவது வைப்போம். அதன் முதல் பலகையில் அரசிதழ் அறிவிப்பும், அதை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற பிரிவும் இருக்கட்டும். அடுத்த பலகையில் ஒரு உப்பு மூட்டை இருக்கட்டும்.