கில்வின்ஸ்கியின் ரிடையர்மென்ட்

போலீஸ்காரர் நாவல் எழுதினால் துப்பாக்கிச் சத்தம்தான் அதிகம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஜோசஃப் வாம்போ அப்படி இல்லை. 1960-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் சேர்ந்தவர். வேலையில் இருந்தபடியே 1971-ல் 'தி நியூ செஞ்சூரியன்ஸ்' நாவலை வெளியிட்டார். மூன்று புதுப் போலீஸ்காரர்கள். 1965 வாட்ஸ் கலவரம் வரை அவர்களுடைய ஐந்து வருஷம். கொலையாளி யார் என்கிற புதிரே கிடையாது. ரோந்து, பயம், உடைகிற கல்யாணம், எதிர்பாராத நேரத்தில் வருகிற காதல், அவ்வளவுதான்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது, வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. பிடிபட்டவனே ஆட்டோகிராஃப் கேட்டால் அவனை எப்படிங்க விசாரிக்கிறது? 1974-ல், 14 வருஷ வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

என்னை விடாமல் துரத்துவது அந்த நாவலில் வருகிற கில்வின்ஸ்கிதான். புதியவர்களுக்குத் தெருவைக் கற்றுக்கொடுக்கும் மூத்த போலீஸ்காரர். ரிடையர் ஆனதும் எதிலும் ஒட்ட முடியாமல் தற்கொலை செய்துகொள்கிறார். இதை எழுதும்போது வாம்போ யூனிஃபார்மைக் கழற்றவே இல்லை! (லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை என்ன செய்வேன் என்று நானும் யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.)

வேலையை விட்டு 32 வருஷம் கழித்து, 2006-ல் அவர் எழுதிய நாவலின் பெயர் 'ஹாலிவுட் ஸ்டேஷன்'. மறுபடியும் அதே லாஸ் ஏஞ்சலிஸ், அதே ராத்திரி ரோந்து.