கடல் கடந்த திரைகள் – 11: ஜெனோவாவுக்குப் போன பிரேசில்

ஒரு தேசத்தின் சினிமாவைத் திரட்டி இன்னொரு தேசத்து மக்களின் முன் வைக்க முற்படுகிறவர், கொட்டகை வாடகையைப் பற்றியும் படப்பெட்டிகள் வந்து சேரும் நாளைப் பற்றியும் யோசிக்கத் தொடங்குமுன்னரே, அறிந்தோ அறியாமலோ ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறார். அந்தத் தேசத்தைக் குறித்து இங்குள்ளவர்கள் ஏற்கெனவே மனத்தில் எழுதி வைத்திருக்கும் சித்திரத்துக்கு இசைந்த படங்களைக் கொணர்ந்து அவர்களை மகிழ்விப்பதா, அல்லது அந்தச் சித்திரத்தைக் கலைத்துவிடக்கூடிய படங்களைக் கொணர்ந்து, அவற்றை எடுத்தவர்களையும் உடன் அழைத்து, வாதத்துக்கு இடம் கொடுப்பதா என்பதே அக்கேள்வி. சென்ற வாரம் நாம் பார்த்த கான் நகரத்து விழா, அன்செல்மோ துவார்தேயின் ‘நேர்த்திக்கடன் செலுத்துவோன்’ படத்துக்கு 1962-இல் தன் உச்சப் பரிசை வழங்கிப் பிரேசிலின் பெயரை உலகறியச் செய்தது மெய்யே. ஆயினும் பிரேசில் சினிமாவை ஒரு முழு இயக்கமாக ஐரோப்பியரின் எதிரே நிறுத்தி, அதன் வாயாலேயே அதைப் பேசவைத்த பெருமை, கானைவிட எத்தனையோ சிறியதான ஓர் இத்தாலிய விழாவைச் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த விழாவின் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முன் ஐரோப்பா எந்தப் பிரேசிலைக் கண்டிருந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1953-இல் லிமா பரேட்டோவின் ‘ஓ கங்கசேய்ரோ’ என்னும் படம் கானுக்குச் சென்றது. வடகிழக்கு வறள் நிலத்துக் கொள்ளைக்காரர்களின் கதை; குதிரைகளும் தோல் தொப்பிகளும் பாட்டும் நிறைந்தது; சிறந்த சாகசப் படம் என்று பரிசும் பெற்றது. அதைத் தயாரித்த வேரா குரூஸ் ஸ்தாபனம், ஹாலிவுட்டுக்கு நிகரான ஒரு படப்பிடிப்பு நிலையத்தைச் சாவோ பாவுலோ நகரின் அருகே நிறுவிவிட வேண்டுமென்ற பேராசையோடு 1949-இல் தொடங்கப்பட்டதாகும். படம் பல தேசங்களில் ஓடிப் பணத்தைக் குவித்தது. ஆனால் விநியோக உரிமை அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியிடம் இருந்தபடியால், குவிந்த பணத்தின் பெரும்பகுதி பிரேசிலுக்குத் திரும்பவில்லை. மறு ஆண்டே வேரா குரூஸ் நொடித்துப் போயிற்று. பின்னர் 1959-இல் வந்தது ‘கறுப்பு ஆர்ஃபியஸ்’. மூலக்கதை பிரேசிலியக் கவிஞர் வினிசியுஸ் தெ மொராயிஸ் எழுதிய நாடகம், நடித்தவர்களில் பெரும்பாலோர் பிரேசிலியர், பாட்டும் அவர்களுடையதே, ஆனால் கண் பிரெஞ்சுக்காரரான மார்செல் காமுவின் கண். ரியோ நகரத்துக் குன்றுகளில் வாழும் ஏழைகளைக் கார்னிவல் களிப்பிலும் கடற்காற்றிலும் தோய்த்தெடுத்த அந்த அழகிய படத்துக்குக் கானிலும் ஆஸ்கரிலும் பரிசுகள் கிடைத்தன. பிரேசில் என்றால் இதுதான் என்று ஐரோப்பியர் திருப்தியோடு நம்பினர்.

இந்த நம்பிக்கை நிலவிய நாட்களில், 1960-இல், சாந்தா மார்கெரித்தா லிகுரே என்னும் கடற்கரை ஊரில் லத்தீன் அமெரிக்கத் திரைப்படங்களுக்கென்றே ஒரு விழா கூடியது. அதை நடத்தியது கொலும்பியானும் என்ற ஸ்தாபனம். கொலம்பஸ் பிறந்த ஜெனோவாவை மையமாகக் கொண்டு, ஐரோப்பாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் இடையே கலாசார உறவை வளர்க்கும் உத்தேசத்துடன் அமைந்தது. அதன் ஜீவநாடியாக விளங்கியவர் ஆஞ்செலோ ஆர்ப்பா என்னும் இயேசு சபைப் பாதிரியார். ஃபெலினிக்கு நண்பர், ‘லா டோல்சே வீத்தா’ படத்தின்மீது திருச்சபை வட்டாரங்களில் கடுஞ்சினம் எழுந்தபோது அதற்காகப் பரிந்து பேசிய துணிவுள்ளவர். அவருக்குத் துணையாகப் படங்களைத் தேடித் தேர்ந்தவர் ஜியானி அமிக்கோ என்னும் இளைஞர். பிரேசிலின் இசையிலும் சினிமாவிலும் உள்ளம் பறிகொடுத்த அவர், பிற்காலத்தில் தாமே பிரேசில் சென்று ‘திரோப்பிசி’ என்ற படத்தையும் எடுத்தார். பின்னர் செஸ்த்ரி லெவாந்தே என்ற ஊருக்கு மாறிய அந்த விழா, 1965 ஜனவரியில் ஜெனோவா நகருக்கே வந்து சேர்ந்தது.

இத்தகைய விழாவை நடத்துவதில் உள்ள சிரமம், திரையில் ஒளி விழுந்த பிறகு மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தோன்றாது. நூறு நிமிஷம் ஓடும் படமென்றால், 35 மில்லிமீட்டர் பிரதியில் அது சுமார் 2,700 மீட்டர் நீளம். ஐந்தாறு சுருள்களாகப் பிரித்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து அனுப்ப வேண்டும். வறிய தயாரிப்பாளரிடம் நல்ல பிரதி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதையும் ஒருவர் கேட்டால் மற்றொருவர் காத்திருக்க வேண்டும். ஒரு பிரதியின்மேல் இத்தாலிய வசனங்களை அச்சிட்டுவிட்டாலோ, அதை ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ அனுப்புவதில் பயனில்லை. அச்சிடாவிட்டால், கொட்டகையின் இருட்டில் ஒருவர் அமர்ந்து ஒலிபெருக்கி வழியே வசனங்களை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வடகிழக்கு வறள் நிலத்துக் குடியானவனின் பேச்சு ரியோ நகரவாசிக்கே சில இடங்களில் எட்டாதபோது, ஜெனோவாவில் அதைச் சொல்லப் புகுந்தவரின் நிலையை என்னென்பது! சுங்க அதிகாரிக்கோ இவையெல்லாம் வெறும் சரக்கு. திரும்பிப் போகும் சரக்கென்று ஜாமீன் கட்டினாலன்றிப் பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது.

ஆகையால், அந்நிய நாட்டில் விழா நடத்துகிறவர் எவராயினும், படம் பிறந்த நாட்டின் சர்க்காருடைய தயவை நாட வேண்டியவராகிறார். ‘இத்தாமராச்சி’ என்று மாளிகையின் பெயராலேயே வழங்கும் பிரேசில் வெளிநாட்டு அமைச்சகத்தில், அர்னால்தோ கரில்லோ போன்ற சினிமாப் பற்றுள்ள இளம் உத்தியோகஸ்தர்கள் இருந்தது பெரும் பாக்கியம். ‘புதிய சினிமா’ என்ற பொருளில் ‘சினிமா நோவோ’ என வழங்கிய இளைஞர் இயக்கத்தின் படங்கள் வெளிநாட்டு விழாக்களை அடைந்ததில் இவர்களுடைய உழைப்பு கணிசமானது.

இவ்விடத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. 1964 மார்ச் மாதக் கடைசி நாளிலும் ஏப்ரல் முதல் நாளிலுமாகப் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே கானில் இரண்டு பிரேசில் படங்கள் போட்டியில் நின்றன: நெல்சன் பெரேரா தோஸ் சாந்தோஸின் ‘வறண்ட வாழ்வுகள்’, கிளாபர் ரோஷாவின் ‘கதிரவன் நாட்டில் கடவுளும் சாத்தானும்’. அவ்வாண்டிலேயே ரூய் குவேராவின் ‘துப்பாக்கிகள்’ பெர்லினில் வெள்ளிக் கரடியை வென்றது. பஞ்சத்தையும், பஞ்சத்தில் அடைபட்டவர்களின் பக்தியையும், அந்தப் பக்தியும் சினமும் வெடிக்கும் விதத்தையும் காட்டிய இம்மூன்று படங்களையும் பார்த்த ஐரோப்பியர் வியந்து பாராட்டினர். எடுத்தவர்களின் தாய்நாட்டிலோ, சிறையும் நாடுகடத்தலும் சூழ்ந்துகொண்டிருந்தன.

‘வறண்ட வாழ்வுகள்’ படத்தைப் பற்றி இங்கே சற்று நின்று பேசாமல் எனக்குத் தாண்ட மனமில்லை. கிராசிலியானோ ராமோஸ் 1938-இல் வெளியிட்ட நாவல் அதன் மூலம்: மழை பொய்த்த நிலத்தை விட்டுப் புருஷனும் மனைவியும் இரு பிள்ளைகளும் ஒரு நாயும் நடந்து செல்லும் கதை. படம் தொடங்குகையில் இசை கிடையாது. எண்ணெய் காணாத மாட்டு வண்டிச் சக்கரத்தின் நீண்ட கிறீச்சொலி ஒன்றே காதை அறுக்கிறது. ஒளிப்பதிவு செய்த லூயிஸ் கார்லோஸ் பரேட்டோவும் ஜோசே ரோசாவும், ஐரோப்பியப் படங்களில் கண்ட மென்மையான சாம்பல் நிறத்தைத் தேடாமல், வடகிழக்கின் வெயிலை வடிகட்டாது அப்படியே படச்சுருளில் எரியவிட்டனர்; வானம் வெளுத்துக் கண் கூசுகிறது. இந்தப் படத்துக்குப் புதுப் பிரதி எடுக்கும் ஒரு நிலையத்தார், வெளுப்பைக் குறையென்று கருதிக் கொஞ்சம் கருமையைக் கூட்டிவிட்டார்களானால், படத்தின் தாகமே போய்விடும். விழா நடத்துகிறவர் படத்தை முன்னரே பார்த்து, எடுத்தவரின் உத்தேசம் இன்னதென்று அறிந்து, படம் ஓட்டுகிறவரிடமும் சொல்லி வைக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படத்தில் பலேயா என்னும் நாய் சுடப்பட்டு, மெல்ல மெல்ல உயிர்விடும் காட்சி ஒன்று உண்டு. நாயை மெய்யாகவே கொன்றுவிட்டார்கள் என்று கானில் ஆட்சேபம் எழுந்தது. அது உயிரோடிருப்பதை நிரூபிக்க நாயையே விமானத்தில் ஏற்றிக் கானுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. நாய்க்காக இரங்கியதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே படத்தில் அந்த மனிதர்கள் படும் பாட்டுக்கு எவரும் சாட்சியம் கேட்கவில்லை என்பதை நினைக்கையில் என் நெஞ்சு கனக்கிறது.

ஜெனோவாவுக்கு வருவோம். அங்கே 1965 ஜனவரியில் சினிமா நோவோ படங்களைத் தொகுத்துக் காட்டியதோடு, அவற்றைக் குறித்து விவாத அரங்கும் ஏற்பாடாகியிருந்தது. அரங்கின் செயலாளர் ஆல்தோ விகானோ, ரோஷாவுக்கு அளித்த தலைப்பு ‘சினிமா நோவோவும் உலக சினிமாவும்’ என்பது. எவருக்கும் நோகாத, நல்லெண்ணம் நிரம்பிய தலைப்பு. இருபத்தைந்தே வயது நிரம்பியிருந்த ரோஷா அதன்படி பேசவில்லை. மூன்றாம் உலகத்தாரிடம் ஐரோப்பியர் காட்டும், தந்தை தன் குழந்தைகளிடம் காட்டுவதற்கு ஒப்பான தயவே தம் பேச்சின் தொனியை மாற்றிற்று என்று அவரே பின்னர் குறித்தார். அன்று அவர் வாசித்த கட்டுரையே, ‘பசியின் அழகியல்’ என்று அவ்வாண்டு பிரேசிலில் அச்சாகி, உலக சினிமாச் சிந்தனையில் நிலைபெற்ற இடத்தை அடைந்தது.

அதன் சாரம் இது: லத்தீன் அமெரிக்கன் தன் தாரித்திரியத்தைச் சொல்லிப் புலம்புகிறான், அந்நியனோ அந்தத் தாரித்திரியத்தை ஒரு துயரத்தின் அறிகுறியாக அல்லாமல், தன் ரசனைக்கு உகந்த ஒரு புதுச் சுவையாக ஏற்றுக்கொள்கிறான், இருவருக்குமிடையே மெய்யான பேச்சு நிகழ்வதே இல்லை. எங்கள் படங்களில் நீங்கள் அழகென்று காண்பது எங்கள் பசி. அதைப் பார்த்து இரங்குவது போதாது, பசித்தவனின் சினத்தையும் புரிந்துகொள்ளுங்கள் என்று, அழைத்து உபசரித்தவர்களின் முகத்துக்கு நேராகவே அவர் சொன்னார். இப்பிரசங்கத்தை ரோஷாவின் பெருமையாக மட்டும் பேசுவது வழக்கம். அழைக்கப்பட்ட விருந்தினர் தம்மையே கண்டிக்கக்கூடிய ஒரு மேடையை அமைத்து, கண்டித்தபோது அதைப் பொறுத்துக் கேட்ட ஆர்ப்பாவுக்கும் அமிக்கோவுக்கும் அதில் பங்குண்டு என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பரிசளிப்பும் பத்திரிகைப் புகைப்படங்களும் நிறைந்த ஒரு பெருவிழாவில் அப்பேச்சுக்கு அரைமணி நேரம்கூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பின்வந்த காலத்தில் ராணுவ சர்க்கார் வெளிநாட்டுத் திரையின் மதிப்பை நன்கு உணர்ந்துகொண்டது. 1969 செப்டம்பரில் அது எம்பிராஃபில்மே என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தபோது, அதற்கு முதலில் வகுத்த பணியே பிரேசில் படங்களை அயல்நாடுகளில் பரப்புவதுதான். தயாரிப்புக்குப் பொருளுதவி செய்வதெல்லாம் பிறகு முக்கியத்துவம் பெற்றவை. ஒரு கையால் தணிக்கையும் மறு கையால் ஏற்றுமதியும் நடந்தன. ரோஷாவின் ‘மயக்குற்ற பூமி’ 1967-இல் முதலில் தடைசெய்யப்பட்டு, படத்தில் வரும் பாதிரியார் பாத்திரத்துக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டுமென்ற விசித்திரமான நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டுக் கானுக்குச் சென்று, விமர்சகர் பரிசைப் பெற்றது. ஜெர்மன் தொலைக்காட்சியின் பணத்தில் ஜோர்ஜ் போதான்ஸ்கியும் ஓர்லாந்தோ சென்னாவும் அமேஸான் நெடுஞ்சாலையில் எடுத்த ‘இரசேமா’வை, வெளிநாட்டார் பார்த்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரே பிரேசிலியர் பார்க்க முடிந்தது. சித்திரவதையைப் பேசிய ‘முன்னே செல், பிரேசில்’ படத்துக்கு ஸ்தாபனம் பணம் கொடுத்ததற்காக, அதன் தலைவராயிருந்த செல்சோ அமோரிம் 1982-இல் பதவி விலக நேர்ந்தது. பின்னாளில் அந்நாட்டின் வெளிநாட்டு அமைச்சராகப் புகழ்பெற்றவர் இவரே. இத்தகைய படங்களைத் தன் ஊரில் காட்டுகிற விழாக்காரர், அவற்றைத் தந்துதவிய சர்க்காரின் முத்திரையை அழைப்பிதழில் அச்சிடுமுன் இருமுறை யோசித்தே ஆக வேண்டும். அதே முத்திரையின் கீழ்தான் தணிக்கை உத்தரவுகளும் வெளிவந்துகொண்டிருந்தன.

1990-இல் அதிபர் கோலோர் அந்த ஸ்தாபனத்தைக் கலைத்தபோது, பிரேசில் படத்தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போயிற்று. விழாக்களுக்கு அனுப்பப் புதுப் படமே அருகிவிட்டது. மியாமியிலும் பாரிஸிலும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தனியார் முயற்சியால் பிரேசில் திரைவிழாக்கள் தோன்றியது, வால்தர் சாலெஸின் ‘மத்திய நிலையம்’ 1998-இல் பெர்லினில் தங்கக் கரடியை வென்றதையொட்டிய மறுமலர்ச்சியின் காலத்தில்தான். அவற்றின் கதை வேறு. புலம்பெயர்ந்த பிரேசிலியர் தம் பாஷையைக் கேட்க வரும் கொட்டகை அது.

பழைய படங்களைக் காட்ட விரும்புகிறவர்கள் இன்றும் முதலில் கதவு தட்டுவது சாவோ பாவுலோவிலுள்ள சினிமாத்தேக்கா பிரேசிலைராவைத்தான். பாவுலோ எமிலியோ சாலெஸ் கோமெஸ் என்னும் பேரறிஞர் கட்டியெழுப்பிய அந்தக் காப்பகத்தில் 1957, 1969, 1982, 2016, 2021 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தீ மூண்டது. நிரலில் இடம்பெற வேண்டிய ஒரு படம் ஏன் இடம்பெறவில்லை என்று பார்வையாளர் கேட்கும்போது, பல சமயங்களில் அத்தீக்களில் ஒன்றே விடையாக அமைகிறது. மாரியோ பெய்ஷோட்டோ 1931-இல் எடுத்த ‘எல்லை’ என்னும் மௌனப் படம், சிதைந்துகொண்டிருந்த ஒரே பிரதியிலிருந்து சில பற்றாளர்களின் பல்லாண்டு உழைப்பால் மீட்கப்பட்டதனாலேயே, இன்று நாம் அதன் ஒரு துண்டு குறைந்த நிலையிலாவது பார்க்க முடிகிறது.

கொலும்பியானும் ஜெனோவா விழாவுக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் அதே 1965-இல், இத்தாலியின் மறுகரையில், அத்ரியாட்டிக் கடலோரத்துப் பெசாரோ நகரில் லீனோ மிச்சிக்கேயும் புரூனோ தோர்ரியும் ‘புதிய சினிமா’வுக்கென்று தொடங்கிய விழா, படத்துக்குச் சமமாக விவாதத்துக்கும் இடம் தரும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அதன் முதல் ஆண்டுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)