மலை மிதிவண்டியும் கடற்கரைக் காற்றும்

மூன்றாமாண்டு இயற்பியல்

“மலையே இல்லாத ஊரிலே உனக்கு எதுக்குடா மலைச் சைக்கிள்?” என்று என் தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான். கெடிலக் கரையில் வாழும் நமக்கு உயரம் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்திருப்பது கேப்பர் மலை ஒன்றே. அதை மலை என்பதும் நம்முடைய ஊர்ப்பற்று. செம்மண் மேடு என்பதே உண்மை. சிதம்பரத்து நண்பர்களுக்கோ அதுவும் இல்லை. தெற்கே போகப் போக வயலும் வாய்க்காலும் உப்பங்கழியுந்தான்.

ஆயினும் நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையைப் பாருங்கள். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளின் நடுவே, தடித்த டயரும் பல கியர்களும் கொண்ட வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. வாங்கிய ஆறாம் மாதத்தில் அவற்றில் பாதி துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. ஏன் இப்படி? இக்கேள்விக்கு நான் என் கைப்பணத்தையும் ஓர் எலும்பையும் கொடுத்து விடை கற்றேன். அதைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே ஒரு பாடம்

மலை மிதிவண்டி பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள மரின் மாவட்டம். 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, மலைச்சரிவுகளில் விட்டிறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அவர்கள் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1300 அடி இறங்கும் மண்பாதை அது. அந்தப் பழைய வண்டிகளின் பிரேக், பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருந்தது; பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் கொதித்து உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். அடுத்த முறை இறங்குவதற்கு முன் ஹப்பைத் திறந்து மறுபடியும் கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி நிரப்பு’, என்று பெயராயிற்று.

அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இந்த ஆட்டத்துக்கென்றே புதிதாகச் சட்டம் செய்து வண்டி கட்டினார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. இருபதே ஆண்டுகளில் எத்தகைய வளர்ச்சி! ஆனால் இந்த வரலாற்றில் நான் போற்றுவது அந்தப் பெயரைத்தான். உலகின் முதல் மலை மிதிவண்டிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது வேகமன்று. கிரீஸ் போடும் வேலை.

வாங்கும்போது

நான் முதலாமாண்டில் வாங்கியது பழைய வண்டி. முன்னும் பின்னும் ஸ்பிரிங், பளபளக்கும் வண்ணம், இருபத்தொரு கியர். பார்த்தவுடன் மனம் பறிபோயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான், நின்றால் சட்டத்தின் மேல்குழாய் தொடையிடுக்கில் இடிப்பது தெரிந்தது. நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யவேண்டாம்.

முதலில் அளவு. வண்டியின் இருபுறமும் காலூன்றி நின்றால் மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். இந்த இரண்டும் பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவானாலும் நமக்குரியதன்று.

இரண்டாவது ஸ்பிரிங். மலிவான வண்டிகளில் இருக்கும் ஸ்பிரிங், குழியின் அதிர்ச்சியைக் குறைப்பதைவிட வண்டியின் எடையைக் கூட்டுவதே அதிகம். மிதிக்கும் விசையிலும் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். உப்புக் காற்று பட்டால் சில மாதங்களில் இறுகிப்போகும். குறைந்த பணத்தில் வாங்குவோருக்கு ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க்கே சாலச் சிறந்தது. அதிர்ச்சியைத் தாங்கத் தடித்த டயர் போதும்.

மூன்றாவது கியர். முன்னே 42 பல், பின்னே 14 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்றும். 26 அங்குலச் சக்கரமானால் வண்டி சுமார் 6 மீட்டர் ஓடும். முன்னே 24, பின்னே 28 என்றால் ஒரு மிதிக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான். ஆனால் ஏற்றத்தில் கால் நோகாது. நமக்கு ஏற்றம் எங்கே என்று கேட்கலாம். பிற்பகலில் தேவனாம்பட்டினத்தை நோக்கிக் கடற்காற்றை எதிர்த்து மிதித்துப் பாருங்கள். நம் ஊரின் மலை எது என்பது விளங்கும். ஆயினும் பின்னே ஏழு கியர் இருந்தால் நம் தேவைக்குப் போதுமானது. எண்ணிக்கை கூடக் கூடக் கோளாறும் கூடும்.

நான்காவதாக, கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஆலன் சாவி, பின்விளக்கு ஆகியவற்றை வாங்குங்கள்.

உப்பும் இரும்பும்

உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதை நம் வேதியியல் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, ஈரத்தைப் பிடித்து, மின்பகுபொருளாக மாறுகிறது. இரும்பு விரைந்து துருவாகிறது. அலுமினியச் சட்டத்துக்குத் துரு இல்லையே என்று மகிழவேண்டாம். அலுமினியமும் இரும்பும் உப்பு நீரில் சேர்ந்திருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் அரிக்கப்படும். அலுமினியச் சட்டத்துக்குள் இரும்பு சீட் கம்பியை கிரீஸ் தடவாமல் செருகி ஓராண்டு விட்டால், பிறகு அதை எடுக்கச் சுத்தியல் தேவைப்படும்.

ஆகவே சில்வர் பீச்சுக்கோ பரங்கிப்பேட்டைக் கழிமுகத்துக்கோ போய்வந்த அன்றே வண்டியை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் போதும். மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் பீச்சாங்குழாய் போட்டு அடித்தால் தண்ணீர் ஹப்புக்குள் புகுந்து பால்ரஸைக் கெடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சக்கரம் மூழ்குமளவு தண்ணீரில் ஓட்ட நேர்ந்தால், மழைக்காலம் முடிந்ததும் ஓவராயில் செய்து புதிய கிரீஸ் நிரப்புவது நன்று.

செயினுக்கு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றி, பிறகு வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய எண்ணெய் விட்டால் மணல் ஒட்டி, அரம்போல் பற்களைத் தேய்க்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். செயின் தேய்ந்ததா என்று அறிய இரும்பு டேப்பு ஒன்று போதும். புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்துநான்காம் இடைவெளியின் ஆணிவரை சரியாக 12 அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற நேரிடும். சோம்பலுக்கு நாம் கட்டும் அபராதம் அது.

நான் தவறவிட்ட இடம்

இவையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. இரண்டாமாண்டில் ஒரு மாலை, கேப்பர் மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். முந்திரித் தோப்பை ஒட்டிய வளைவில் முன் பிரேக்கை அழுத்தினேன். ‘டக்’ என்றொரு ஓசை. பிடி தளர்ந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை முழு பலத்தோடு பிடித்தேன். சக்கரம் இழுபட்டு வழுக்கியது, வண்டி நிற்கவில்லை. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குத் தாவுகிறது; ஆதலால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பாடப்புத்தகத்தில் படித்த இந்த இயற்பியல் செம்மண்ணில் விழுந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இடது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்முறைத் தேர்வை எழுத முடியாமல் ஓர் அரியர் சேர்ந்தது.

பிறகு வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது, பிரேக் ஒயர் பிடியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துருப்பிடித்து இழை இழையாக முன்பே அறுந்திருந்தது. வாரம் ஒருமுறை பிடியை அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம்.

வண்டியை விற்றுவிடுவார் என்று அஞ்சினேன். என் தந்தையார் தையற்காரர். அவர் கடையிலிருந்து தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய்ச் சிமிழைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். “மிஷின் ஓட்டுறவனுக்கு எண்ணெய் விடவும் தெரியணும்” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஞாயிறு காலையில் அரை மணி நேரம் வண்டிக்கென்று வைத்தேன்: பிரேக் ஒயரும் கட்டையும், செயின், டயரின் காற்று, நட்டு போல்ட்டுகள், சக்கரத்தின் கோட்டம். போக்ஸ் கம்பி தளர்ந்து சக்கரம் ஆடினால் மட்டும் அனுபவமுள்ள கடைக்காரரிடம் கோட்டம் எடுக்கக் கொடுப்பேன். அது கைப்பழக்கம் வேண்டும் வேலை.

கொண்டு செல்லும்போது

பிச்சாவரத்துக்கு வண்டியைச் சுமந்து செல்லவேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக மிதித்தே போகலாம். ஆனால் சதுப்புநிலக் காடு காப்புக்காடு. சாலையோடு நின்றுவிடுவதே முறை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கனரக வாகனங்கள் மிகுதி, விடியற்காலையே நல்லது. மெய்யான மலை வேண்டுமென்றால் ஏற்காட்டின் 20 கொண்டையூசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகவேண்டும். அங்கேதான் வண்டியை ஏற்றிச் செல்லும் கலை தேவைப்படுகிறது.

ரயிலில் கொண்டுசெல்லப் பயணச்சீட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்தால் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். சேலத்துக்கான பாதை விருத்தாசலத்தில் பிரிகிறது. வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் நிலையங்களில் ஏற்றுவதும் இறக்குவதும் கடினம். முந்தின நாளே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் கட்டுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்தால் ஒரு குட்டியானை பிடித்துச் செலவைப் பகிரலாம்; வண்டிகள் அதில் போகட்டும், நாம் பேருந்தில் போவோம்.

எதில் ஏற்றினாலும் சில விதிகள் பொது. பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை; அதை வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைக் கெடுத்தவர் பலர். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டை வையுங்கள், நசுங்காது. சட்டத்தைச் சுற்றிப் பழைய டியூப்பைக் கட்டுங்கள். படுக்க வைப்பதானால் கியர் பக்கம் எப்போதும் மேலே இருக்கவேண்டும். எங்கள் முதல் ஏற்காட்டுப் பயணத்தில் நண்பர் ஒருவரின் வண்டியை மாற்றிப் படுக்க வைத்துவிட்டோம். டீரெய்லர் தொங்கும் காது வளைந்து, அடிவாரத்தில் செயின் எந்தப் பல்லிலும் நிற்கவில்லை. அவர் அன்று முழுதும் டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார். ஏற்றுவதற்கு முன் செயினைப் பின்புறப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியிருந்தால் அந்தக் கை உட்பக்கம் ஒதுங்கியிருக்கும். அடுத்த முறை அப்படியே செய்தோம். இருபதாம் வளைவில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர் அவரே!

முடிவாக

மலைச் சைக்கிள் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. அதை உடையவனாவது ஓராண்டு வேலை. கடையில் கொடுத்த பணம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரந்தான் அதை எனதாக்கியது. அரசு கொடுத்த மிதிவண்டிக்கும் இது பொருந்தும். அதன் செயினும் இரும்புதான். அதன்மேல் வீசுவதும் இதே காற்றுதான்.

இதைப் படித்து முடித்ததும் கொட்டகைக்குப் போங்கள், நண்பர்களே. உங்கள் வண்டியின் முன் பிரேக் பிடியை அழுத்தி, உள்ளே ஒயரைப் பாருங்கள். ஓர் இழையாவது அறுந்திருந்தால், இன்று மாலை வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போங்கள்.