மணிக்கும் ஒரு டிக்கெட்!
(வளர்ப்பு நாயோடு வெளிநாடு போவது எப்படி?)



"டேய், நீ ஜெர்மனி போறியாமே! அப்போ மணி?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் நம்ம வகுப்பில் யாருமே இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் சுவர் இதழில் எழுதிடலாம்னு தமிழ் அம்மாகிட்ட இடம் கேட்டேன். "எழுதுப்பா, ஆனா மத்தவங்களுக்கும் பயன்படற மாதிரி எழுது" என்றார்கள். முயற்சி செய்திருக்கிறேன்.

மணி யார்?

மணி எங்கள் வீட்டு நாய். என்ன ஜாதி என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. காது நாட்டு நாய் மாதிரி நிற்கும். வால் மட்டும் புசுபுசுன்னு இருக்கும். எடை 16 கிலோ.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவில் ஒரு குடும்பம் வெளிநாடு போச்சு. சாமான் எல்லாம் லாரியில் ஏறிச்சு. நாய் மட்டும் ஏறலை. பூட்டின கேட் முன்னாடியே பல நாள் படுத்திருந்தது. கார் சத்தம் கேட்டா எழுந்து நிற்கும், போய்ட்டா மறுபடி படுத்துக்கும். என் பாட்டிதான் முதலில் தயிர் சாதம் வைத்தார்கள். அதுதான் மணி.

இப்போ எங்க அப்பாவுக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வேலை மாற்றம். வீட்டில் பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியும் உங்க கேள்விதான். அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிட்டாங்க: "ரெண்டாவது தடவையும் அது கேட் முன்னாடி படுக்கக் கூடாது."

சொல்வது சுலபம். செய்வதற்குத்தான் ஆறு மாசம் ஆகுது!

எல்லா நாயையும் கூட்டிட்டுப் போகலாமா?

இல்லை. இதை முதலில் யோசிக்கணும். ரொம்ப வயசான நாய், இதய நோய் உள்ள நாய், சத்தத்துக்கு நடுங்கும் நாய் இவற்றுக்கு விமானப் பயணம் கஷ்டம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம் என்பதால் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் ஏற்றுவதே இல்லை. அந்த மாதிரி நாயை நம்பிக்கையான உறவினர் வீட்டில் விட்டுட்டுப் போவதுதான் அன்பு. மணிக்கு வயசு சுமார் 5, மூக்கு நீளம், இதயம் நல்லா இருக்கு. டாக்டர் "போகலாம்" என்றார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் ஒரே நோய். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் தடுப்பூசியால் முழுசாகத் தடுக்கலாம்.

ஐரோப்பாவில் இந்த நோயை அதிகம் பரப்பியது நாய் இல்லை, காட்டு நரி! நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? அதனால் நரி விரும்பித் தின்னும் இரைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் மருந்து வைத்து முதலில் சோதித்தார்கள். ஜெர்மனியில் 1983-ல் தொடங்கினார்கள். பிறகு விமானத்திலிருந்தே இரையைத் தூவினார்கள். 2006-க்குப் பிறகு அங்கே நரிகளிடம் இந்த நோய் இல்லை. 2008-ல் ரேபிஸ் ஒழிந்த நாடாக ஜெர்மனி அறிவிக்கப்பட்டது (வௌவால்களிடம் உள்ள வேறு வகை மட்டும் பாக்கி). அதாவது 25 வருஷ உழைப்பு! வெளியிலிருந்து வரும் ஒரே ஒரு நோயுற்ற நாய் அதைக் கெடுத்துவிடலாம். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறதா இல்லையா?

நம் நாட்டில் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. அதனால் இந்தியாவிலிருந்து போகும் நாய்க்குக் கூடுதல் சோதனை.

வரிசை மாறக் கூடாது!

1. மைக்ரோசிப்: அரிசி அளவுள்ள சின்னக் குழாய். ஊசி மூலம் கழுத்துப் பக்கம் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். கருவியை மேலே காட்டினால் எண் தெரியும். அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் காட்டாது. (என்னிடம் நாலு பேர் கேட்டாச்சு!) அதற்குள் பேட்டரியே கிடையாது.

2. ரேபிஸ் தடுப்பூசி: சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோதான் போடணும். குட்டிக்கு 12 வாரம் ஆகியிருக்கணும்.

3. ரத்தப் பரிசோதனை: ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்கணும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக அந்த அவகாசம். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்பணும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருந்தால் பாஸ். ஊசியைத் தேதி தவறாமல் போட்டுக்கொண்டே வந்தால் இந்தச் சோதனை ஆயுளுக்கு ஒரு தடவை போதும்.

4. மூன்று மாதக் காத்திருப்பு: பாஸ் ஆனாலும் உடனே போக முடியாது! ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் பொறுக்கணும். ஏனென்றால் ஊசி போடுவதற்கு முன்பே நோய்க் கிருமி உடம்பில் புகுந்திருந்தால் அது வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அந்தச் சந்தேகம் தீரத்தான் இந்தக் காத்திருப்பு.

5. நலச் சான்றிதழ்: அரசு கால்நடை அதிகாரி தருவது. அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாக இருக்கணும். இதற்கென்றே மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முன்கூட்டி வாங்கினால் செல்லாது, பிந்தினால் விமானம் போய்விடும்!

6. உரிமையாளர்: நாயும் அதன் உரிமையாளரும் 5 நாள் இடைவெளிக்குள் பயணம் செய்யணும். அதற்கு மேல் போனால் வியாபாரத்துக்கு அனுப்புவதாகக் கணக்காகி விதிமுறை மாறிவிடும். அப்பா மார்ச் 2-ஆம் தேதியே கிளம்பிட்டார். அதனால் எல்லாத் தாளிலும் உரிமையாளர் அம்மாதான்.

நாங்கள் செய்த தப்பு

இதைத்தான் முக்கியமா சொல்லணும்.

மணிக்கு அக்டோபரிலேயே ரேபிஸ் ஊசி போட்டாச்சு. "ஊசிதான் போட்டாச்சே, வேலை முடிஞ்சது"ன்னு நாங்க நிம்மதியா இருந்தோம். அட்டையைக்கூட நான்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். டிசம்பர் கடைசியில்தான் விதிகளை முழுசா படிச்சோம். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கிலேயே வராது!

எனக்குக் கோபம் வந்தது. "அதே நாய், அதே ஊசி, இதில் என்ன இருக்கு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீ பரீட்சையில் நல்லா எழுதிட்டு, பதிவு எண் போடாமல் பேப்பரைக் கொடுத்தா மார்க் யாருக்குப் போடுவாங்க?" என்றார். எனக்குப் பட்டென்று புரிந்தது. சிப்தான் மணியின் பதிவு எண். எண் இல்லாதபோது போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று ஜெர்மனிக்காரர் எப்படி நம்புவார்?

யார் மேலும் தப்பில்லை. ஊசி போட்டவரிடம் நாங்க வெளிநாடு போறோம்னு சொல்லவே இல்லை.

ஜனவரி 10: சிப்பும் புது ஊசியும். பிப்ரவரி 12: ரத்தம் எடுத்தது. மணிக்கு முன்னாடியே மணியின் ரத்தம் விமானம் ஏறி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது! முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 0.5-க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூணு மாசம். போன வாரம் அம்மா செல்போனில் முடிவு வந்தது: 2.1. பாஸ்! பாட்டி மணிக்குத் திருஷ்டி சுத்திப் போட்டார்கள்.

பிப்ரவரி 12 கூட்டல் 3 மாதம், மே 12. டிக்கெட் மே 20-க்கு. அக்டோபரிலேயே சரியா செய்திருந்தால் பிப்ரவரியிலேயே மணி தயார். நல்ல குளுமையில் போயிருக்கலாம். இப்போ சரியா கத்திரி வெயிலில் மாட்டிக்கிட்டோம். வெயில் அதிகமானால் விமானத்தில் நாயை ஏற்ற மறுக்கலாம். அதனால்தான் நள்ளிரவு விமானமாகப் பார்த்து எடுத்திருக்கோம்.

கூண்டில் எப்படிப் போகும்?

சின்ன நாய் என்றால் பையில் வைத்து நம் காலடியிலேயே கொண்டு போக சில நிறுவனங்கள் அனுமதிக்கும். பை, நாய் எல்லாம் சேர்த்து சுமார் 8 கிலோதான் வரம்பு. மணி 16 கிலோ. அதனால் கீழே சரக்குப் பகுதியில்தான். "ஐயோ, அங்கே காத்து இருக்குமா?" என்று பாட்டி பதறினார்கள். விலங்குகளை வைக்கும் பகுதியில் பயணிகள் இடத்தைப் போலவே காற்றழுத்தமும் வெப்பமும் சீராக இருக்கும்.

கூண்டுக்கும் விதி உண்டு. நாய் தலை முட்டாமல் நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். காற்றுத் துளைகள், கதவில் தண்ணீர்க் கிண்ணம், அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, வெளியே 'உயிருள்ள விலங்கு' என்ற சீட்டு எல்லாம் வேணும். தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. மேலே போனதும் மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்து ஆபத்தாகிவிடும்.

மருந்துக்குப் பதில் பழக்கம்தான் வழி. பொங்கலுக்கே கூண்டு வாங்கிட்டோம். முதல் வாரம் மணி அந்தப் பக்கமே போகலை. ஒருவேளை பழைய லாரி ஞாபகமோ என்னவோ. பாட்டி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரஸ்க்கை உள்ளே கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வைத்தார்கள். முதலில் தலை, அப்புறம் முன்னங்கால், அப்புறம் முழு மணி! பிறகு கதவை ஒரு நிமிஷம் சாத்தினோம், அப்புறம் அஞ்சு, அப்புறம் அரை மணி. இப்போ ராத்திரி தூக்கமே அதில்தான். என் பழைய சட்டை உள்ளே விரித்திருக்கு. அந்த வாசனைதான் அதுக்குத் தைரியம்.

உங்களுக்குத் தெரியுமா?

* ஜப்பானுக்கு இந்தியாவிலிருந்து நாய் போகணும்னா ரத்தம் எடுத்து 180 நாள் காத்திருக்கணும்.

* பிரிட்டனில் முன்பு வெளிநாட்டு நாய்களை 6 மாதம் தனியே அடைத்து வைப்பார்கள். 2000-ல்தான் தளர்த்த ஆரம்பித்தார்கள்.

* 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்கள், பிஸ்டல், பூ என்று பெயர், அனுமதி இல்லாமல் தனி விமானத்தில் ஆஸ்திரேலியா போய் மாட்டிக்கொண்டன. 'திருப்பி அனுப்பு, இல்லையென்றால் கொன்றுவிடுவோம்' என்றது அரசு. நாய்கள் திரும்பிப் போயின. நட்சத்திரமானாலும் சட்டம் சட்டம்தான்!

* ஜெர்மனியில் நாய்க்கு ஊராட்சி வரி கட்டணும். ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் உண்டு.

* ரேபிஸ் தடுப்பூசியை 1885-ல் லூயி பாஸ்டர் முதலில் போட்டது 9 வயது சிறுவனுக்கு. அவர் பெயரில் நம் குன்னூரில் 1907 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது.

கடைசியாக...

வெளிநாடு போகாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வீட்டு நாய்க்கு வருஷம் தவறாமல் ஊசி போடுங்கள், அட்டையைப் பத்திரமா வையுங்கள். எந்த நாய் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

போகிறவர்களுக்கு: டிக்கெட்டை முதலில் எடுக்காதீர்கள். காலண்டரை எடுங்கள். போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு மாசம் இருக்கா? சரி. இல்லையா? நாயை யாரிடம் விடுவது என்று ஒழுங்கா ஏற்பாடு செய்யுங்கள். தெருவில் மட்டும் விட்டுடாதீங்க.

பாட்டி எங்களோடு வரலை. காஞ்சிபுரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போறாங்க. "மணியை என்கிட்டயே விட்டுட்டுப் போங்களேன்" என்று ஒருநாள் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லத் தெரியாமல் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டியே, "வேண்டாம். அது உன் சட்டை மேலதானே தூங்குது. நீ போனா மறுபடி கேட்டையே பார்த்துட்டிருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரஸ்க் டப்பாவை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனார்கள்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் நான் பள்ளியிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறேன். எனக்கு டி.சி., மணிக்கு நலச் சான்றிதழ்! அதற்குள் மணியைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வரலாம். ரஸ்க் கொண்டு வந்தால் சந்தோஷப்படும்.



இப்படிக்கு,
உங்கள் நண்பன்,
9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு