பெயரை இழந்த பாடல்கள்: எம்பி3 கருவியும் தமிழ் எழுத்தும்

பாட்டுக் கேட்பதற்கென்றே அமைந்த சிறிய மின்னியல் கருவியை எம்பி3 பிளேயர் என்றே நம் ஊரில் யாவரும் அழைத்து வந்தோம். அதற்குத் தமிழில் பெயர் சூட்ட முயல்பவர் முதற்படியிலேயே இடறுவர். 'இசைக்கருவி' என்றால் வீணையும் குழலும் நினைவுக்கு வருகின்றன. 'பாட்டுப்பெட்டி' என்றால் தாத்தா காலத்துக் கிராமபோன் கண்முன் நிற்கிறது. இக்கட்டுரையில் எம்பி3 கருவி என்றே குறிப்போம். கருவிக்கு நல்ல தமிழ்ப் பெயர் வாய்க்காதது சிறு குறைதான். அக்கருவிக்குள் சென்ற தமிழ்ப் பாடல்கள் தம் பெயரையும் தம்மை ஆக்கியவர் பெயரையும் இழந்து நின்றதே பெருங்குறை. அது எவ்வாறு நேர்ந்தது, இன்று அதனைச் சீர்செய்ய இயலுமா என்பனவற்றையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் பாடல் எவ்வாறு அத்துணைச் சிறிய இடத்துக்குள் அடங்கியது என்பதைப் பார்ப்போம். குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனி. கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்பி3 முறை இதனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. இதன் அடிப்படை நம் செவியின் இயல்பு. தவில் அடி விழும் கணத்தில் தம்புராவின் மெல்லிய நாதம் நம் காதுக்கு எட்டுவதில்லை. அந்நாதம் அங்கு இருந்தும் இல்லாததே. செவிக்கு எட்டாத அந்தப் பகுதிக்கு இடம் ஒதுக்குவானேன் என்று கேட்டனர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அவர்களுள் முதன்மையானவர். 1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அம்முறையில் அமைந்த கோப்புகளுக்கு எம்பி3 என்னும் பின்னொட்டு முடிவுசெய்யப்பட்டது.

1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்னும் கருவியை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 32 மெகாபைட், அதாவது அரைமணி நேரப் பாட்டு. அதே ஆண்டில் அமெரிக்காவில் வந்த ரியோ என்னும் கருவியின்மீது அந்நாட்டு ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தம்மிடம் ஏற்கெனவே உள்ள பாடலைத் தம் சொந்தப் பயனுக்காக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றிக்கொள்வதே இக்கருவியின் வேலை என்று கருதிக் கருவியின் பக்கம் தீர்ப்பளித்தது. 'நம்முடைய பாட்டு' என்று நாம் உரிமையுடன் சொல்லத் தொடங்கிய காலம் அது.

இவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் தனியிடம் உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையால் உலகப் புகழ் பெற்றது. 2000ஆம் ஆண்டில் அது நோமேட் ஜூக்பாக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. தோற்றத்தில் குறுந்தட்டுக் கருவி போன்றிருந்த அதனுள் 6 கிகாபைட் வன்தட்டு இருந்தது. ஆப்பிளின் ஐபாட் 2001 அக்டோபரில்தான் வந்தது. நூற்றுக்கணக்கான பாடல்கள் உள்ளே புகுந்தபின் வேண்டிய ஒன்றைக் கண்டெடுப்பது எப்படி என்னும் கேள்வி எழுந்தது. பாடகர், தொகுப்பு, பாடல் எனப் படிப்படியாக இறங்கிச் சென்று தெரிவுசெய்யும் முறைக்குக் கிரியேட்டிவ் காப்புரிமை கோரி, 2005 ஆகஸ்டில் பெற்றது. அதன்பேரில் எழுந்த வழக்கை முடிக்க ஆப்பிள் 2006இல் 10 கோடி அமெரிக்க டாலர் செலுத்த இசைந்தது. அக்காப்புரிமையின் தலைப்பையே பார்த்தால், பாடலைப் பற்றிய குறிப்புகளைக் கொண்டு பாடல்களைத் தாமே வகைப்படுத்தும் முறை என்பதுதான் பொருள். ஒலியின் தரம் பற்றியதன்று அவ்வழக்கு. பாடலின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் பெயர்ச்சீட்டைப் பற்றியது. பெயர்ச்சீட்டின் மதிப்பு 10 கோடி டாலர் என்று அன்றே விலை கூறப்பட்டுவிட்டது எனலாம்.

அந்தப் பெயர்ச்சீட்டு எங்கே இருக்கிறது? எம்பி3 கோப்பின் உள்ளேயே இருக்கிறது. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் வகுத்த ஐடி3 என்னும் எளிய ஏற்பாட்டின்படி, கோப்பின் கடைசி 128 பைட் இடம் இதற்கென ஒதுக்கப்பட்டது. பாடலின் பெயருக்கு 30 பைட், கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, வகைக்கு 1; எஞ்சிய 3 பைட் சீட்டு தொடங்கும் இடத்துக்கு அடையாளம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். எனவே 30 எழுத்துப் பெயர் தாராளமாக அடங்கும். தமிழின் நிலை வேறு. யூனிக்கோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் தனியே ஒன்று.

'சிங்கப்பூர்' என்று எழுதிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரிவன ஆறு எழுத்துகள். கணினி எண்ணுவனவோ பதினொரு குறியீடுகள், ஆக 33 பைட். ஒதுக்கிய 30இல் அது அடங்காது. கடைசிக் குறியீடாகிய புள்ளி வெட்டுப்பட்டுச் 'சிங்கப்பூர' என்று நிற்கும். (மலேசியாவுக்கு இவ்விடர் இல்லை, 21 பைட்டில் அழகாக அடங்கிவிடுகிறது.) ஊர்ப்பெயருக்கே இக்கதி என்றால் நான்கைந்து சொல் கொண்ட பாடல் தலைப்பின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. திஸ்கி போன்ற பழைய எட்டுபிட் குறியேற்றங்களில் இதே சொல் பத்துக்கும் குறைவான பைட்டில் அடங்கிவிடும். ஆனால் அதைப் படித்துக் காட்டும் எழுத்துருவைக் கருவி அறிந்திருக்க வேண்டுமே. எளிய கருவிகள் பலவற்றில் ஐரோப்பிய எழுத்துகளும், தயாரித்த நாட்டின் எழுத்தும் இருந்தன, தமிழ் இல்லை. 1997 மே மாதத்திலேயே நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டை நடத்திவிட்டார். கணினியில் தமிழ் எழுத மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருந்தது. கணினியில் நுழைந்த தமிழ், சட்டைப்பைக் கருவிக்குள் நுழையப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே யாவரும் உரோமன் எழுத்துக்கு மாறினோம். அதன் விளைவை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். மனம், மணம் ஆகிய இரண்டும் எம், ஏ, என், ஏ, எம் என்றே எழுதப்படும். பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. 'ழ'கரத்தை ஒருவர் இசட்-எச் என்பார், மற்றொருவர் எல் போதும் என்பார். 'காதல்' என்னும் ஒரு சொல்லில் நெடிலுக்கு ஓர் ஏ அல்லது இரண்டு, தகரத்துக்கு டி-எச் அல்லது டிஎச் என நான்கு வடிவங்கள் உண்டாகின்றன. முதலில் வரும் 'டி' மெல்லொலி எழுத்து, பின்னது வல்லொலி எழுத்து. தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவது வேடிக்கை. கருவி அகரவரிசையில் அடுக்கும்போது இந்நான்கும் நான்கு இடங்களில் போய் நிற்கும். இடையில் 'கண்' என்றும் 'கனவு' என்றும் தொடங்கும் பாடல்கள் புகுந்துகொள்ளும். பாட்டு உள்ளே இருக்கும், தேடினால் கிடைக்காது. இது வசதிக் குறைவு மட்டுமன்று. நம் நாடுகளில் வகுப்பறைக்கு வெளியே ஒரு மாணவர் நாள்தோறும் விரும்பிப் பார்க்கும் தமிழ் எழுத்து எது? பாடலின் பெயர் அத்தகைய சிலவற்றுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடும். அந்த வாய்ப்பு ஒரு தலைமுறைக்குக் கைநழுவியது.

எழுத்து போனதோடு ஆட்பெயர்களும் போயின. ஒலிநாடாவின் உறையில் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். வானொலி அறிவிப்பாளரும் அவற்றைச் சொல்லிவிட்டே பாடலை ஒலிபரப்புவார். ஐடி3 சீட்டிலோ 'கலைஞர்' என்று ஒரே கட்டம். மேலைநாட்டில் தாமே எழுதித் தாமே பாடும் குழுக்களுக்கு அது போதும். தமிழ்த் திரைப்பாடலுக்கு அந்த 30 பைட்டுக்குள் யாரை எழுதுவது? பெரும்பாலும் இசையமைப்பாளர் நுழைந்தார். சில வேளைகளில் வாயசைத்த நடிகர் நுழைந்தார். கைமாறி வந்த கோப்புகளில் அதனை வழங்கிய இணையத்தளத்தின் முகவரியே கலைஞராக வீற்றிருந்தது! கவிஞர் எங்குமே இடம்பெறவில்லை. வகையைக் குறிக்க முதலில் வகுக்கப்பட்ட 80 பெயர்களுள் ராக், ஜாஸ், ப்ளூஸ் முதலியன உண்டு. கர்நாடக இசை இல்லை, தமிழிசை இல்லை. தேவாரப் பதிகத்தைச் சேர்ப்பவர் 'இனக்குழு இசை' என்னும் பொதுப்பெட்டியில் போட வேண்டியிருந்தது.

இங்குப் பரிபாடலை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். எழுபது பாடல்களுள் முழுமையாக நமக்குக் கிடைத்தவை இருபத்திரண்டே. அவற்றுள் பெரும்பாலானவற்றின் கீழே பாட்டு இயற்றியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. கடுவன் இளவெயினனார் இயற்றிய பாடலுக்குக் கண்ணனாகனார் இசை வகுத்தார், பண் பாலையாழ் என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. அந்த இசை எப்படி ஒலித்தது என்பது எவருக்கும் தெரியாது. ஏட்டில் எழுதியவர்கள் ஒலியைக் காக்க வழியின்றிப் பெயர்களைக் காத்தனர்; ஒலியைத் துல்லியமாகக் காக்கும் கருவியை வைத்திருந்த நாமோ பெயர்களைக் கைவிட்டோம்.

சீர்செய்யும் வழி 1998 முதலே இருக்கிறது. ஐடி3 ஏற்பாட்டின் இரண்டாம் பதிப்பு அவ்வாண்டில் வந்தது. அதில் 30 பைட் என்னும் தடை இல்லை, யூனிக்கோடில் எழுதலாம், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் மூவருக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு, பாடல் வரிகளுக்கும் இடமுண்டு. குறிப்புகளைத் திருத்தும் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கோப்புகளைத் திறக்கும் ஆசிரியர் மூன்றுவகைக் கோளாறுகளைக் காண்பார். அவை ஒன்றல்ல என்பதை அறிந்திருத்தல் நலம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து உள்ளே பத்திரமாக உள்ளது. காட்டும் கருவியில் எழுத்துரு இல்லை, அவ்வளவே. மேற்குறி தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாகக் குழம்பித் தெரிந்தால், ஒரு குறியேற்றத்தில் எழுதியதை வேறொன்றாகக் கருவி படிக்கிறது என்று பொருள். குறியேற்றத்தை மாற்றிப் படித்தால் தமிழ் மீளும். வினாக்குறிகளின் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்க வழியில்லை. எங்கோ ஒரு மென்பொருள் தமிழை ஏற்க மாட்டாமல் எழுத்துக்கெழுத்து வினாக்குறியை இட்டுச் சேமித்துவிட்டது. அப்பாடலைக் கேட்டு, அறிந்து, மீண்டும் எழுத வேண்டியதே.

இப்போது எவர் கையிலும் தனியே எம்பி3 கருவி இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். ஐபாட் வரிசையையே 2022 மே மாதத்தில் ஆப்பிள் முடித்துக்கொண்டது. பாட்டு இன்று கைத்தொலைபேசியில் இணையவழி ஓடையாக வருகிறது. தமிழ் எழுத்தும் அத்தொலைபேசிக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் தமிழ்ப் பாடல்களின் தலைப்புகள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே தொடர்கின்றன. ஒரு காலத்துத் தொழில்நுட்பக் குறை, காரணம் நீங்கியபின்னும் வழக்கமாக நிலைத்துவிட்டது. முன்னைக் கோப்பு நம்முடையது. பெயர் பிழையென்றால் நாமே திருத்தினோம். சந்தா செலுத்திக் கேட்கும் பாடலின் சீட்டில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. இழுப்பறையில் கிடக்கும் பழைய கருவிக்கு எஞ்சியுள்ள பெருமை இதுவென்றே கருதுகிறோம்.

அந்த இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகிறோம். அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் ஒலிவாங்கியும் இருந்தது. பாட்டி பாடிய தாலாட்டு, தோட்டப்புறத்து உறவினர் பாடிய கும்மி, ஏதோவொரு வீட்டுத் திருமணத்தின் நலுங்குப் பாட்டு ஆகியன வெறும் எண்ணைப் பெயராகத் தாங்கி உள்ளே கிடக்கலாம். இவை எந்த ஓடையிலும் வாரா. உலர்மின்கலம் உள்ளே கசிந்திருந்தால் முதலில் அதனை அகற்றிவிட்டுப் புதியது இட வேண்டும். கோப்புகளைக் கணினிக்கு மாற்றியபின், பாடியவர் யார், எவ்வூரினர், எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்பனவற்றை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தமிழிலேயே எழுதலாம். எம்பி3 கோப்பாயின் ஐடி3 இரண்டாம் பதிப்பின் 2.3 வடிவத்தைத் தெரிவுசெய்வது நல்லது. பழைய கருவியும் புதிய தொலைபேசியும் பரவலாக ஏற்பது அதுவே. குரற்பதிவுகள் பலவும் வேவ் வடிவில் இருக்கும். அவ்வடிவில் குறிப்பெழுதும் முறை எல்லா மென்பொருளிலும் ஒரே சீராக இல்லை. ஆதலின் ஒலிக்கோப்பின் பெயரையே தாங்கிய ஓர் உரைக்கோப்பில் விவரங்களை யூனிக்கோடில் எழுதி, இரண்டையும் ஒரே உறையில் சேர்த்து வைக்கலாம்.