சில்லும் மின்கலமும்: ஒரு கணக்கு

விடுதியில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காக ஒரு விளக்குச் செய்ய எண்ணி, யாரோ கைவிட்ட மடிக்கணினி ஒன்றின் மின்கலத் தொகுப்பைச் சென்ற ஆண்டு நான் பிரித்தேன். உள்ளே ஆறு உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. 18650 என்ற பெயரே அந்த அளவிலிருந்து வந்ததுதான். ஓர் உருளையின் மேலுறை கத்தி பட்டு இலேசாகக் கிழிந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. நேர்முனையிலிருந்து வந்த கம்பி அந்தக் கிழிசலில் பட்டதுதான் தாமதம், கம்பி சிவந்துவிட்டது. கட்டைவிரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏன் இப்படி என்று படிக்கப் புகுந்தபோதுதான், இதே உருளைகளை அவற்றின் எல்லைவரை வருத்தி வேலை வாங்கும் ஒரு கூட்டத்தார் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பதை அறிந்தேன். மின்சிகரெட்டைக் கடையில் வாங்காமல், சில்லும் மின்கலமும் பெட்டியும் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கொள்கிறவர்கள் அவர்கள். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இக்கருவியைச் செய்வதும் விற்பதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எனவே இது செய்முறைக் குறிப்பு அன்று. அவர்களுடைய கணக்கில் நம் இயற்பியல் பாடம் முழுவதும் அடங்கிக் கிடப்பதால் எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டில் சீன மருந்தாளர் ஹோன் லிக் உருவாக்கிய இக்கருவியின் தத்துவம் எளிது. ஒரு கம்பிச்சுருள் சூடாகிறது. அதை ஒட்டிய திரவம் ஆவியாகிறது. நம் வீட்டு மின்னடுப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பத்து வாட்டுக்குள் அடங்கியிருந்த திறன், பின்னர் ஆர்வலர் கைகளில் 75, 200 என்று ஏறியது. தொல்லையும் கூடவே ஏறியது.

முதலில் சில்லே இல்லாத கருவியைப் பார்ப்போம். மின்கலம், பொத்தான், சுருள் - அவ்வளவுதான். இங்கே ஓம் விதியே அரசன். முழுதும் மின்னேற்றிய உருளையின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.4 ஓம் எனில் மின்னோட்டம் 10.5 ஆம்பியர், திறன் 44 வாட். இரண்டு உருளைகளைத் தொடரிணைப்பில் வைத்தால் 8.4 வோல்ட், அதே சுருளில் 21 ஆம்பியர் ஓடும், திறன் 176 வாட் ஆகும். அழுத்தம் இரட்டித்தால் திறன் நான்கு மடங்கு என்பதை நாம் முதலாண்டிலேயே படித்தோம். அந்த 21 ஆம்பியரும் ஒவ்வோர் உருளை வழியாகவும் செல்கிறது என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பக்க இணைப்பில் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5.25 ஆம்பியர்தான். ஆக, சில்லில்லாத கருவியில் தொடரிணைப்பு உருளையின் சுமையை நான்கு மடங்காக்கி விடுகிறது. நான் பிரித்தெடுத்தது போன்ற மடிக்கணினி உருளைகள் சில ஆம்பியருக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

சில்லு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. இதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த இடம். அமெரிக்காவின் இவால்வ் நிறுவனத்தின் டி.என்.ஏ. 75 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். இது ஒற்றை உருளையைக் கொண்டு 75 வாட் வரை தரும். நாம் கேட்கும் வாட்டைச் சில்லு எப்படியாவது தந்துவிடும். அழுத்தம் போதாவிட்டால் உயர்த்தும், மிகுந்தால் தாழ்த்தும். எனவே மின்கலத்தின் சுமையைச் சுருளின் தடை தீர்மானிப்பதில்லை. கேட்கும் திறனே தீர்மானிக்கிறது. சில்லின் பயனுறுதிறன் 90 விழுக்காடு என்று கொண்டால், 75 வாட்டுக்காக மின்கலம் 83 வாட் தர வேண்டும். அழுத்தம் 4.2 வோல்ட் இருக்கையில் இதற்கு ஏறத்தாழ 20 ஆம்பியர் போதும். அழுத்தம் 3.2 வோல்ட்டாக இறங்கியதும் 26 ஆம்பியர் வேண்டும். களைத்த மாட்டின் மீதுதான் கூடுதல் பாரம்! சாம்சங் 25ஆர் உருளையின் எல்லை 20 ஆம்பியர். அதை வைத்துக்கொண்டு இந்தச் சில்லில் 57 வாட்டுக்கு மேல் போகலாகாது என்று பெருக்கிப் பார்த்தால் தெரியும். சில்லின் மேல் எழுதியுள்ள 75 சில்லின் எல்லை. மின்கலத்தின் எல்லை அன்று.

3.2 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். உருளையின் உள்தடை 0.025 ஓம் என்று கொள்ளுங்கள். சும்மா இருக்கையில் 3.7 வோல்ட் காட்டும் உருளை, 20 ஆம்பியர் இழுக்கும்போது உள்ளேயே 0.5 வோல்ட்டை இழந்துவிடும். அதாவது 10 வாட் வெப்பம், அந்தச் சிறு உருளைக்குள்!

இரண்டு உருளைகள், 150 வாட் என்றால்? தொடரிணைப்பில் 6.4 வோல்ட்டுக்கு 26 ஆம்பியர். பக்க இணைப்பில் 3.2 வோல்ட்டுக்கு 52 ஆம்பியர். அது இரண்டாகப் பிரிய மீண்டும் 26! சில்லுள்ள கருவியில் எந்த இணைப்பானாலும் உருளையின் சுமை ஒன்றே. வேறுபாடு கம்பியில் இருக்கிறது. 52 ஆம்பியர் ஓடும் கம்பி, 26 ஓடுவதைப் போல் நான்கு மடங்கு சூடாகும். அதனால்தான் டி.என்.ஏ. 200 சில்லு மூன்று கலங்களைத் தொடரில் வைத்து 11.1 வோல்ட் கேட்கிறது. தொடரில் ஒரு கலம் நலிந்தால் மற்றவை அதை எதிர்த்திசையில் தள்ளிக் கெடுத்துவிடும் ஆதலால், மூன்றின் அழுத்தத்தையும் அது தனித்தனியே கண்காணிக்கிறது. பக்க இணைப்பின் குறை வேறு: நிறைந்த உருளையோடு 3.2 வோல்ட் உருளையை இணைத்தால், சுமையே இல்லாமல் 20 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். எந்த இணைப்பானாலும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே மின்னேற்றிய இணைகளே வேண்டும் என்பது இதனால்தான்.

மேலுறைக்கு வருவோம். உருளையின் உலோகக் கூடு முழுவதுமே எதிர்முனை. நேர்முனைப் பொத்தானைச் சுற்றியுள்ள விளிம்பும் எதிர்முனைதான். நடுவே ஒரு மெல்லிய காப்பு வளையம், வெளியே ஒரு நெகிழித்தாள். சட்டைப்பையில் உள்ள சில்லறைக் காசு ஒன்றே குறுக்கிணைப்புக்குப் போதும். 2009 முதல் 2016 வரை மின்சிகரெட் தீப்பற்றியோ வெடித்தோ அமெரிக்காவில் செய்தியான 195 நிகழ்ச்சிகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. 133இல் ஆட்கள் காயமுற்றனர். 2018 மே மாதம் பிளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சாசிலும் ஒவ்வொருவர் உயிரிழந்தனர். 2021 ஜனவரியில், தனி 18650 உருளைகளைப் பொதுமக்கள் வாங்கவே வேண்டாம் என்று அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது.

என் விளக்கு ஆறு வாட்தான். மேற்சொன்ன கணக்குப்படி ஓர் உருளைக்கு இரண்டு ஆம்பியரும் சற்று மேலும். ஆனால் கிழிந்த உருளையை ஒதுக்கிவிட்டேன். மீதி ஐந்தின் அழுத்தத்தை ஆய்வகத்தில் அளந்தபோது இரண்டுதான் ஒத்துப்போயின. அந்த இரண்டையும் பக்க இணைப்பில் வைத்து, உருகு கம்பி ஒன்றும் சேர்த்திருக்கிறேன்.