முட்டை சுமக்கும் தந்தை

திருச்சி தில்லை நகருக்கு அருகே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசன வயல்களிலும் குட்டைகளிலும் சற்றுப் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். சருகு போல் தட்டையான, ஒரு விரற்கடை அளவுள்ள பழுப்புநிற நீர்ப்பூச்சி அகப்படலாம். டிப்ளோனிகஸ் என்பது அதன் பேரினப் பெயர். அதன் முதுகு நிறைய முட்டைகள் ஒட்டியிருந்தால், தாய்ப்பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். அது தந்தை!

அறிவியலாரும் முன்பு அப்படித்தான் எண்ணினர். இதன் அமெரிக்க உறவினப் பூச்சியை ஆராய்ந்த ஃப்ளோரன்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண்மணி, சுமப்பவை ஆண்களே என்று 1899-இல் எழுதினார். ஆனால் ஆண் வேண்டாவெறுப்பாகவே சுமக்கிறது என்பது அவர் கருத்து! அது சரியன்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆண் ஏன் சுமக்க வேண்டும்? இக்குடும்பப் பூச்சிகள் தலைப்பிரட்டை, சிறுமீன் போன்ற பெரிய இரையைப் பிடிப்பவை. பெரிய உடலுக்குப் பெரிய குஞ்சு வேண்டும். பெரிய குஞ்சுக்குப் பெரிய முட்டை வேண்டும். சங்கடம் இங்கேதான். முட்டை பருக்கப் பருக்க, அதன் கொள்ளளவுக்கு ஏற்ற அளவில் மேற்பரப்பு பெருகுவதில்லை. நீருக்குள் கிடந்தால் கருவுக்குப் போதிய ஆக்சிஜன் எட்டாது. வெளியே கிடந்தால் காய்ந்துவிடும். தந்தையோ நீர்மட்டத்துக்கு வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுகிறது. உடலை ஆட்டி அவற்றின்மேல் நீரை ஓடவிடுகிறது. இந்தப் பராமரிப்பு இருந்ததால்தான் முட்டை பெருக்க முடிந்தது என்கின்றனர் பரிணாம ஆய்வாளர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் மிகப் பெரிய லெதோசெரஸ் பூச்சியில் முட்டைகள் நீருக்கு மேலே செடித் தண்டில் இருக்கும். ஆண் ஏறிவந்து அவற்றை நனைக்கும். தண்டிலிருந்து முதுகுக்கு மாறியது பிற்காலத்து ஏற்பாடு.

இவ்வளவு உழைப்பும் வேறோர் ஆணின் குஞ்சுகளுக்குப் போய்விட்டால்? அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவின் அபீடஸ் என்ற இனத்தில், ஆண் முதலில் இணைசேர்ந்த பிறகே பெண்ணை முதுகில் முட்டையிட விடுகிறது. சில முட்டைகள் இட்டதும் தடுத்து மீண்டும் இணைசேர்கிறது. இதனால் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும் சுமந்த ஆணுக்கே பிறந்தவை என்று ராபர்ட் ஸ்மித் 1979-இல் நிறுவினார்.

டிப்ளோனிகஸ் கொசுப்புழுக்களையும் தின்னும். எனினும் கொசுவுக்கும் பயிர்ப்பூச்சிக்கும் தெளிக்கும் மருந்து இதையும் கொல்லும். முட்டைகள் மூடிய இறக்கைகளின்மேல் ஒட்டியிருப்பதால், வயலில் நீர் வற்றினாலும் சுமக்கும் ஆண் பறந்து தப்ப இயலாது. கையில் எடுத்துப் பார்த்தால் முட்டைகளைச் சுரண்டாமல் நீரிலேயே விட்டுவிடுங்கள். பிரித்து நீரில் போட்ட முட்டை பொரிப்பதில்லை.